வந்தவன் பாட்ரிக் அல்ல

ஜூன் 3, செவ்வாய்

அக்கா படித்து முடித்த புத்தகம் என் மேசைக்கு வந்திருக்கிறது: ஜோசபின் டே எழுதிய 'பிராட் ஃபேரர்', 1949. இங்கிலாந்தின் தென்பகுதியில், லாட்செட்ஸ் என்ற பண்ணை வீட்டில் குதிரை வளர்க்கும் ஆஷ்பி குடும்பம். பெற்றோர் விமான விபத்தில் போய்விட, பீ என்ற அத்தைதான் பிள்ளைகளை ஆளாக்குகிறாள். இரட்டையரில் மூத்தவன் பாட்ரிக், 13 வயதில், கடலோரப் பாறை முகட்டில் கழற்றிய கோட்டையும் ஒரு சீட்டையும் விட்டுவிட்டு மறைந்தவன். தற்கொலை என்று எல்லாரும் நம்பி 8 வருடம் ஆகிறது. இளையவன் சைமனுக்கு 21 வயது நிறைந்து சொத்து கைக்கு வரும் நேரத்தில் ஒருவன் வந்து நிற்கிறான், நான்தான் பாட்ரிக் என்று.

வந்தவன் பாட்ரிக் அல்ல. நான் கதையைச் சொல்லிவிட்டதாகக் கோபிக்க வேண்டாம். ஆசிரியரே தொடக்கத்தில் போட்டு உடைத்துவிடுகிறார். அப்புறம் மீதிப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். "படித்துவிட்டு வா, பேசலாம்" என்றாள் அக்கா.

ஜூன் 4, புதன்

போலி பாட்ரிக்கைத் தயார்படுத்தும் பயிற்சிப் பகுதி அபாரம். அலெக் லோடிங் என்ற நொடித்துப்போன நடிகன், ஆஷ்பிகளின் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். பின்னால் பாட்ரிக்காக வந்து நிற்கப்போகும் பிராட்டை லண்டன் தெருவில் பார்த்துச் சைமனென்றே நினைத்துவிடுகிறான். வாழ்நாள் முழுக்கத் தனக்குப் படியளக்க வேண்டும் என்ற பேரத்தோடு, கியூ தாவரத் தோட்டத்தில் அவனை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறான். எந்தக் கதவு எங்கே திறக்கும், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எல்லாம் ஒப்பிக்க வைக்கிறான்.

பிராட் அனாதை விடுதியில் வளர்ந்தவன். அமெரிக்காவில் குதிரைகளோடு வேலை செய்து, விழுந்து காலொடிந்து, சற்றே நொண்டுபவன். பணத்துக்கு அவன் மசியவில்லை. அந்த வீட்டில் குதிரைகள் இருக்கின்றன என்றதும் மனம் அசைகிறது. இந்த ஒரு இடத்தில் ஆசிரியர் என்னை அவன் பக்கம் சாய்த்துவிட்டார். வக்கீல் அவனைத் துருவும்போது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறியது நான்தான். மோசடிக்காரனுக்காக!

ஜூன் 6, வெள்ளி

இன்று இதே மாதிரி ஆள்மாறாட்டம் நிஜத்தில் நடந்த, இங்கிலாந்தின் பழைய டிச்போர்ன் வழக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். 1854இல் கப்பலோடு காணாமல் போனார் ரோஜர் டிச்போர்ன். அவருடைய தாய் நம்பிக்கை விடாமல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்க, அங்கே வாகா வாகா ஊரிலிருந்து ஒரு கசாப்புக்காரர் நான்தான் ரோஜர் என்று கிளம்பி வந்தார். ரோஜர் பாரிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். வந்தவருக்கோ பிரெஞ்சே தெரியாது. ரோஜர் ஒல்லி, இவர் பெருத்த உடம்பு. ரோஜர் கையில் பச்சை குத்தியிருந்தது, இவர் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் தாய் 'என் மகன்' என்றார். குற்ற விசாரணை 188 நாள் நடந்து, 1874இல் வந்தவருக்கு 14 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நம் பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்று ஒரு மச்சத்தையும் தழும்பையும் எழுதி வைப்பார்களே, அதெல்லாம் அந்நியரை மடக்கத்தான் உதவும். பிள்ளை திரும்ப வேண்டும் என்று ஏங்கும் தாயிடம் அது செல்லாது.

ஜூன் 8, ஞாயிறு

இப்போது புரிகிறது, மீதிப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று.

சொத்து பறிபோகிறது என்று கொதிக்க வேண்டியவன் சைமன். வந்தவன் போலி என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான். நேரில் பார்க்கிறான். முகத்தில் இறுக்கம் தளர்கிறது. இவன் பாட்ரிக்தான் என்று எல்லார் முன்னிலும் ஒப்புக்கொள்கிறான். அந்த நிம்மதியைக் கவனித்தது பிராட் ஒருவன் மட்டுமே. பறிகொடுக்கப் போகிறவனுக்கு என்ன நிம்மதி? அவன் அஞ்சியது போலியை அல்ல, உண்மையான பாட்ரிக் வந்துவிடுவானோ என்றுதான். ஏன் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

அடுத்து டிம்பர் என்ற கறுப்புக் குதிரை. தாழ்ந்த கிளைக்கு அடியில் பாய்ந்து, மேலே இருப்பவனைத் தள்ளிக் கொல்லத் தெரிந்த விலங்கு. ஏற்கெனவே ஓர் உயிரைக் குடித்தது. பிராட் அதன் மேல் ஏறும்போது சைமன் வாயே திறக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தம் சிந்தாத பக்கம்தான், கை வியர்த்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

ஜோசபின் டேயும் புனைபெயர்தான். ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் பிறந்த எலிசபெத் மெக்கின்டாஷ். நாடகங்களுக்குக் கார்டன் டேவியட் என்று ஆண் பெயர். தன்னைப் பற்றி அதிகம் பேசாதவர். இவர் இப்படியொரு கதை எழுதியதில் வியப்பில்லை.

ஜூன் 11, புதன்

முடித்துவிட்டேன். முடிவு தெரிய வேண்டாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல் குவாரியில் நடக்கும் சண்டையும் சைமனின் சாவும் சரி. யாருடைய இடத்தைத் திருடினானோ, அந்தச் சிறுவனுக்கு நியாயம் தேட பிராட் தன் தலையையே பணயம் வைக்கிறானே, அதுதான் நாவலின் உயிர். ஆனால் கடைசியில் அவனும் ஆஷ்பி இரத்தம்தான், ஓர் உறவினருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவன் என்று வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. குதிரையைக் கையாளும் பக்குவத்தை அவன் உழைத்துக் கற்றான். அதையும் பரம்பரைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஊர்பேர் தெரியாதவன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "முதலில் லோடிங் ஏமாந்தானே, அந்த முகச்சாயல் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால் நீதான் முதலில் குறை சொல்லியிருப்பாய்."

சொல்லியிருப்பேன். இருந்தாலும் பிடிக்கவில்லை.