குளிர்கால பேட்டரியும் ஒரு சின்ன சார்ஜரும்

"குளிர்ல பேட்டரி போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "அதுக்கு முன்னாடி எத்தனை வோல்ட் இருந்தது?" என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் நிற்கும் ஒரு பழைய காரும் ஒரு மோட்டார் சைக்கிளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இது: குளிர்மேல் போடுகிற பழியில் பெரும்பங்கு அரைகுறை சார்ஜுக்குச் சேர வேண்டியது.

சொல்லப்போனால், சும்மா வைத்திருக்கும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு, அதாவது ஈயத் தகடும் அமிலமும் கொண்ட வழக்கமான கார் பேட்டரிக்கு, குளிர் நல்லதுதான். தானாகச் சார்ஜ் இறங்குவது சூட்டில்தான் அதிகம். முழுக்க ஏற்றி, வயரைக் கழற்றிவிட்டுக் குளிரான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் காருக்குள் அதைச் சும்மா இருக்க யார் விடுகிறார்கள்? சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர் என்று ஏதாவது ஒன்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு என்று சொல்ல முடியாத அளவுதான். ஒரு நாளைக்கு 0.72 ஆம்ப்-அவர் (ஒரு ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு ஆம்ப்-அவர்). மாதத்துக்கு 21-க்கு மேல். 60 ஆம்ப்-அவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, வண்டி ஓர் அடிகூட நகராமல் காலி.

இதற்குப் பிறகுதான் குளிர் தன் வேலையைக் காட்டும். பேட்டரி இறங்க இறங்க, அதிலுள்ள கந்தக அமிலம் ஈயத் தகடுகளோடு சேர்ந்து ஈய சல்பேட்டாகப் படிகிறது. மிஞ்சுகிற திரவத்தில் தண்ணீர் கூடிப்போகிறது. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உறையும். அந்தக் குளிரை நம்மில் பலர் பார்க்கவே போவதில்லை. அடியோடு இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்துவிடலாம். உறைந்தால் உள்ளே தகடு வளையும், பெட்டி விரியும். பக்கச்சுவர் உப்பியிருக்கிற பேட்டரியைப் பார்த்தால் சார்ஜர் மாட்டவோ, இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கவோ கூடாது, வெடிக்கலாம். உறையாமல் தப்பித்தாலும், படிந்த சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

கிளப்பும்போது இன்னொரு சோதனை. மைனஸ் 18-ல் நல்ல பேட்டரியே ஏறக்குறைய பாதி பலத்தைத்தான் காட்டும். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்கும். பேட்டரி ஸ்டிக்கரில் சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ், குளிரில் கிளப்பும் பலம்) என்று ஓர் எண் போட்டிருப்பார்களே, அது இதற்காகத்தான்: மைனஸ் 18-ல், 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்ப் கொடுக்கும் என்ற கணக்கு. முழு சார்ஜில் உள்ள புது பேட்டரிக்கான கணக்கு அது. ஷெட்டில் நிற்பது புதுசும் இல்லை, முழுசும் இல்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒவ்வொரு குளிருக்கும் கேட்பான்: "அண்ணே, தினமும் பத்து நிமிஷம் ஓட விட்டா போதாதா?" போதாது தம்பி. கிளப்புவதற்கே நூறு ஆம்புக்கு மேல் இழுக்கிறது. பிறகு வண்டி நகராமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) கொடுக்கும் கொஞ்சத்தையும் ஹீட்டர் ஃபேனும் பின் கண்ணாடிச் சூடும் விளக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சில்லிட்ட பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். போதாக்குறைக்கு, எஞ்சின் முழுக்கச் சூடாகாமல் நிறுத்தினால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கிவிடுகிறது. வண்டியை நிஜமாகவே ஒரு நல்ல தூரம் ஓட்டிவிட்டு வந்தால் அது வேறு கதை.

சும்மா நிற்கும்போது சார்ஜ் கசிகிற இந்த ஓட்டையை அடைக்கத்தான் மெயின்டெய்னர் என்கிற சின்ன சார்ஜர். கைக்குள் அடங்கும் பெட்டி, கொடுப்பது ஒரு ஆம்போ அதற்கும் குறைவோ. பழைய டிரிக்கிள் சார்ஜரும் இதுவும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். டிரிக்கிள் சார்ஜர், பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பார்க்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் விட்டால் தண்ணீரெல்லாம் வாயுவாகப் போய்த் தகடு வெளியே தெரியும். மெயின்டெய்னர் 14.4 வோல்ட் வாக்கில் ஏற்றி நிரப்பிவிட்டு, 13.2-லிருந்து 13.6-க்குள் இறங்கி நின்றுகொள்ளும். கடிகாரமும் அலாரமும் எடுக்கிறதை மட்டும் ஈடுகட்டும். மின்சாரச் செலவு ஒரு சின்ன பல்புக்கு ஆகிறதுதான்.

என் காரில் பானெட்டைத் திறந்து மூடுகிற வேலையே வைக்கவில்லை. டெர்மினல் போல்ட்டில் வளையம் மாட்டிய ஒரு குட்டி வயரை நிரந்தரமாக வைத்திருக்கிறேன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸோடு. அதன் நுனி முன்பக்க கிரில் வழியாக எட்டிப்பார்க்கும், ரப்பர் மூடி போட்டபடி. கையுறையைக் கழற்றாமலே செருகிவிடலாம். ஆரஞ்சு விளக்கு எரியும், மறுநாள் பார்த்தால் பச்சை. மாட்டுவதற்கு முன் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்புக் கரைசல் தொட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிட வேண்டும். அது இருந்தால் மெயின்டெய்னர் அளக்கிற வோல்ட்டே தப்பாகும்.

கிளாம்ப் வைத்து மாட்டுபவர்கள் சிவப்பை முதலில் பாசிட்டிவில், கறுப்பை பேட்டரியைவிட்டுத் தள்ளி பாடியின் வெற்று இரும்பில் மாட்டி, அப்புறம் பிளக்கைச் செருகுங்கள். எடுக்கும்போது பிளக் முதலில். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். நெகட்டிவ் டெர்மினலில் சார்ஜை அளக்கும் சென்சார் இருக்கும் புதிய வண்டிகளில் கறுப்பைப் பாடியில் மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உள்ளே போகும் சார்ஜ் வண்டியின் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. குளிர்ந்த பேட்டரியை நிரப்பக் கூடுதல் வோல்ட் வேண்டும். 25 டிகிரியில் 14.4 போதும் என்றால், 0 டிகிரியில் அரை வோல்ட் போலக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நல்ல மெயின்டெய்னர் சூட்டை அளந்து இதைத் தானே செய்யும். ஆனால் அந்த சென்சார் பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டியைக் கதகதப்பான வீட்டுக்குள் வைத்து, வயரை மட்டும் வெளியே இழுத்தால், பேட்டரியும் கதகதப்பாக இருப்பதாக நினைத்துக் குறைத்துக் கொடுக்கும். பேட்டரி நிற்கிற இடத்திலேயே பெட்டியும் இருக்கட்டும், ஈரம் படாமல்.

மோட்டார் சைக்கிள் விஷயம் வேறு. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் லித்தியம் பேட்டரி போட்டிருந்தார். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது; உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். லெட்-ஆசிட்டுக்கான சல்பேட் நீக்கும் மோடும் அதற்கு ஆகாது. அது தானாக இறங்குவதே குறைவு என்பதால் கழற்றி வீட்டுக்குள் ஓர் அலமாரியில் வைத்துவிடுகிறேன். சரி, தூக்குவதற்கும் லேசு.

பச்சை விளக்கு எரிகிறதே என்று அதையே நம்பிவிட வேண்டாம். குளிர் முற்றும் முன் ஒருமுறை மெயின்டெய்னரைக் கழற்றி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கழற்றின கையோடு பார்த்தால் மேலோட்டமான சார்ஜ் 13-ஐத் தாண்டிக் காட்டி ஏமாற்றும். காலையில் 12.6, 12.7 நின்றால் திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம். நிரப்பி ஒரே ராத்திரியில் 12.4-க்குக் கீழே வந்துவிட்டால், மறுபடி நிரப்பி, பேட்டரியிலிருந்து வண்டியின் வயரைக் கழற்றி வைத்து இன்னொரு முறை பாருங்கள். அப்போது வோல்ட் இறங்காமல் நின்றால் வண்டியில் எதுவோ அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. அப்போதும் இறங்கினால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.