129-ஆ, 137-ஆ? இரண்டு ஸ்னோமொபைல்களும் ஒரு பருவத்துக் குறிப்புகளும்

நவம்பர் 12

தரையில் இன்னும் பனி தங்கவில்லை. இரண்டு ஸ்னோமொபைல்களை, அதாவது முன்னால் இரண்டு ஸ்கீயும் பின்னால் சுழலும் ரப்பர் ட்ராக்கும் கொண்ட பனிவண்டிகளை, ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் தோதான நேரம்.

முதலாவது 600 டூ-ஸ்ட்ரோக், ட்ராக் நீளம் 129 அங்குலம். மற்றது 900 ஃபோர்-ஸ்ட்ரோக், 137 அங்குலம். இரண்டிலும் ட்ராக் அகலம் 15 அங்குலம், பல் உயரம் 1.25 அங்குலம். இரண்டும் சில பருவங்கள் ஓடியவை. சமன் செய்த பனிப்பாதையில் ஒரே நாளில் 150 முதல் 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஆழ்பனியில் இறங்கும் எண்ணமோ மலையேறும் எண்ணமோ இல்லை.

வண்டிப் பேச்சு எப்போதும் குதிரைத்திறனில்தான் ஆரம்பிக்கும். ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 600ஆர் ஈ-டெக் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் 599.4 சிசியில் சுமார் 125 தருகிறது. அதே நிறுவனத்தின் டர்போ இல்லாத 900 ஏஸ் ஃபோர்-ஸ்ட்ரோக் 899 சிசி இருந்தும் சுமார் 95-தான். காகிதத்தில் பார்த்தால் டூ-ஸ்ட்ரோக் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் பாதை ஓட்டத்துக்கு எஞ்சின் இரண்டாவது கேள்விதான். முதலில் கேட்க வேண்டியது ட்ராக்கைப் பற்றி.

நவம்பர் 15

ட்ராக் சுற்றி வருவது என்பதால் 8 அங்குல வித்தியாசத்தில் பாதிதான் தரையில் படும். அதாவது 4 அங்குலம், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தப் பத்து சென்டிமீட்டரின் அருமை பிற்பகலில்தான் தெரியும்.

பாதையை இரவில் சமன் செய்வார்கள். விடிவதற்குள் அது உறைந்து இறுகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேசைபோல் இருக்கும் அந்தப் பாதையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நூறு வண்டிகள் போனபின் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடமும், வளைவு முடிந்து வேகம் கூட்டும் இடமும் வரிசையாகக் குழி விழுந்துவிடும். 129 ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். 137 ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் பாலம் போட்டதுபோல் போகும். குழிகளின் இடைவெளி நெருக்கமாக இருக்கும்வரை இந்த வித்தியாசம் மிகப் பெரிது. இடைவெளி அகன்று ஒவ்வொன்றும் ஆளை விழுங்கும் பள்ளமாகிவிட்டால் இரண்டுமே இறங்கத்தான் செய்யும். அங்கே காப்பாற்றுவது ஷாக் அப்சார்பர்.

நெருக்கமான வளைவுகளில் 129 சட்டென்று திரும்பும். மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும் குறுகிய பாதைதான் பெரும்பகுதி என்றால் இதை ஒதுக்கவே கூடாது.

நவம்பர் 21

எடை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 20 கிலோ கூடுதல், அதுவும் பெரும்பாலும் முன்பக்கம். பாதையை விட்டு ஓரப் பனியில் மூக்கு புதைந்தால் தனி ஆளாகத் தூக்கி வைப்பது டூ-ஸ்ட்ரோக்கில் சிரமம், ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெரும்பாடு.

ரிவர்ஸ் எடுப்பதும் வேறுவேறு. இந்த வகை டூ-ஸ்ட்ரோக்கில் தனி ரிவர்ஸ் கியர் கிடையாது. வண்டி முழுதாக நின்றபின் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் அணைந்துவிடுமோ என்னும் அளவுக்கு வேகம் தணிந்து, அப்படியே எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் பின்னோக்கிச் சுழன்று ஓடாது. அதனால் செயின்கேஸில், அதாவது ட்ராக்கைச் சுழற்றும் செயின் இருக்கும் பெட்டியில், கியர் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 29

பழைய வண்டி என்பதால் இன்று முழுக்கப் பரிசோதனை.

முதலில் மீட்டர். கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது போதாது. அதை எஞ்சின் ஓடிய மணிநேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 6,000 கிலோமீட்டர், 130 மணி என்றால் சராசரி 46. நேராக ஓடிய வண்டி. அதே 6,000-க்கு 200 மணி என்றால் சராசரி 30. நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றிருக்கிறது, அல்லது நெருக்கடியான இடங்களில் ஊர்ந்திருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் கம்ப்ரஷன் பார்க்காமல் பேச்சையே தொடங்கக் கூடாது. எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு அளவெடுக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், என்ன சமாதானம் சொன்னாலும், உள்ளே பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம். எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்தார்கள் என்று கேட்கவும். கரி பிடித்து இறுகிய வால்வு முழுதாகத் திறக்காது. வண்டி நடுவேகத்தைத் தாண்டியதும் மூச்சுத் திணறும்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்து முகர வேண்டும். பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தால், எஞ்சின் சூடேறாமலே அடிக்கடி அணைக்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்தது பேட்டரி. இந்தவகை வண்டியில் கயிறு இழுத்துக் கிளப்பும் வசதி கிடையாது. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே இறங்கிய பேட்டரியோடு கடுங்குளிரில் இரவு தங்குவது ஆபத்து. டூ-ஸ்ட்ரோக்கில் கயிறு இருப்பது பெரிய ஆறுதல். அதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ட்ராக். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, எஞ்சினை அணைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவும். பல் கிழிந்திருக்கிறதா, ரப்பருக்குள் இருக்கும் ஃபைபர்கிளாஸ் கம்பி வெளியே நீட்டுகிறதா, உலோகக் கிளிப்புகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்பி ஒன்று உடைந்திருந்தால் அந்த இடத்தை இரண்டு கையாலும் மடித்துப் பார்த்தாலே தெரியும். அங்கே மட்டும் கீல் வைத்ததுபோல் மடங்கும்.

டனலின், அதாவது ட்ராக்கை மேலிருந்து மூடியிருக்கும் உலோகக் கூட்டின், உள்புறம் டார்ச் அடித்துப் பார்க்கத் தவறக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஓடும் கூலிங் பட்டைகள் அங்கேதான் இருக்கின்றன. ஐஸில் பிடிப்புக்காக ஆணி அடித்த ட்ராக் ஓடியிருந்தால் கீறல் இருக்கும். கீறல் பட்டையை எட்டியிருந்தால் கூலண்ட் ஒழுக இன்னும் சில ஓட்டமே பாக்கி.

நவம்பர் 30

நேற்று விட்டுப்போனது: யமஹா வண்டி ஏதாவது கண்ணில் பட்டால், அந்த நிறுவனம் 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பை நிறுத்துவதாக 2023-லேயே அறிவித்துவிட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளவும். எஞ்சின்கள் நீண்டகாலம் உழைப்பவை. ஆனால் பாடி உதிரிபாகங்களை முன்கூட்டியே விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

டிசம்பர் 8

முதல் பனி. நான்கு விரற்கிடை கூட இல்லை, அடியில் கெட்டி ஐஸ். இரண்டு வண்டிக்குமே எதிரியான நிலை இது.

ட்ராக் வாரி இறைக்கும் தூள்பனி டனல் பட்டைகளில் ஒட்டி உருகும்போதுதான் கூலண்ட் குளிரும். வெளியே மைனஸ் 20 இருந்தாலும் பாதை வெறும் ஐஸாக இருந்தால் எஞ்சின் கொதிக்கும். குளிர்காற்று மட்டும் போதாது. ட்ராக்குக்குள் இருக்கும் நீண்ட சட்டங்களான தண்டவாளங்களின் அடியில் பதித்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுகளுக்கும் பனிதான் குளிர்ச்சி, பனிதான் எண்ணெய். பனி இல்லாவிட்டால் அவை உருகும். பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கில் ஏறியதும் உடனே ஓரத்துத் தூள்பனிக்கு வண்டியை இறக்கி மெதுவாக ஓட்ட வேண்டும். பயந்துபோய் ஐஸ் மேலேயே நிறுத்தினால், உருகிய ஸ்லைடு ட்ராக் கிளிப்பில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மருந்து ஐஸ் ஸ்க்ராச்சர். தண்டவாளத்தின் இருபுறமும் மாட்டிய கம்பிகள் ஐஸைக் கீறித் தூளாக்கி ட்ராக்குக்குள் அனுப்பும். சுருள் கம்பி வகையை ரிவர்ஸ் எடுக்குமுன் தூக்கி மாட்டிவிட வேண்டும். மறந்தால் வளையும், உடையும். கேபிள் வகையில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு வண்டியில் எதை எடுத்தாலும் முதலில் மாட்ட வேண்டியது இதுதான்.

ஸ்லைடின் பக்கவாட்டில் தேய்மான எல்லையைக் காட்டும் கோடு உண்டு. தண்டவாளம் வளையும் முன்பகுதியில்தான் முதலில் தேயும் என்பதால் அங்கே குனிந்து பார்க்க வேண்டும். 129-ல் கோடு வரை வந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

டிசம்பர் 17

இன்று இரண்டும் ஒரே பாதையில், ஒரே நாளில். காலையில் ஒரு சுற்று, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இன்னொரு சுற்று.

காலையில் 129 மனத்தை அள்ளியது. திராட்டிலைத் தொட்டால் பாய்கிறது, ஹேண்டில்பாரை நினைத்தாலே திரும்புகிறது. 137 வளைவில் முதலில் நேராகவே போகப் பார்த்தது. மூக்கு கனமாக இருந்தும் ஏன்? ஸ்கீயின் அடியில் ஐஸைக் கீறிப் பிடிக்கும் கடின உலோக விளிம்பான கார்பைட் மழுங்கியிருந்தது. விரல் நகத்தை அதன் மேல் வைத்து இழுத்தால் சுரண்ட வேண்டும். இதில் வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு எடை அழுத்தினாலும் மழுங்கிய கத்தி ஐஸில் இறங்காது.

கார்பைட் மாற்றியபின் அடுத்த குறை: முந்தைய வண்டிகள் கீறிய கோடுகளில் ஸ்கீ மாட்டி இழுபடுகிறது. ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் வெட்டும். இரட்டைக் கம்பி கார்பைட் போட்டால் பெருமளவு அடங்கும். அதற்கு முன் ஸ்கீக்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஸ்கீயின் மூக்கையும் ரப்பர் கயிற்றால் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் கட்டி மூட்டுகளில் உள்ள தளர்வை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் இடைவெளியை அளக்கவும். முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் விரிந்திருக்கலாம். உள்நோக்கிக் குவிந்திருந்தால் வண்டி ஒருநாளும் நேராக ஓடாது.

மூன்று மணிக்குப் பாதை குழிகளால் நிறைந்திருந்தது. 129-ல் முழங்காலை மடித்து நின்றே ஓட்ட வேண்டியிருந்தது. 20 கிலோமீட்டர் தாண்டியதும் தொடைகள் கெஞ்சுகின்றன. 137-ல் அதே தூரம் பெரும்பகுதி உட்கார்ந்தபடியே. ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எஞ்சின் பிரேக்கும் இங்கே உதவியது. திராட்டிலை விட்டதும் வேகம் தானாகக் குறைந்து, எடை ஸ்கீக்களுக்கு வந்து, வளைவில் பிடி கிடைக்கிறது. டூ-ஸ்ட்ரோக் திராட்டிலை விட்டபின்னும் வழிந்துகொண்டு போகிறது. பிரேக்கைத் தொட வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் போடும்போது டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் டாங்கையும் பார்க்க வேண்டும். இது சின்ன வேலைதான். ஆனால் மறந்தால் எஞ்சினே போய்விடும்.

டிசம்பர் 22

பெல்ட். எஞ்சின் சுழற்சியை ட்ராக் பக்கம் கடத்தும் இந்த ரப்பர் பட்டை இரண்டு வண்டிக்கும் பொது.

இரவில் ட்ராக் தரையோடு உறைந்திருக்கும். காலையில் கிளப்பியதும் திராட்டிலை அழுத்தினால் கிளட்ச் சுழலும், ட்ராக் நகராது, பெல்ட் ஒரே இடத்தில் உரசித் தேயும். அந்த இடம் இடுப்பு சிறுத்த உடுக்கைபோல் ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று வண்டி அதிரும். அந்த பெல்ட்டுக்கு மறுவாழ்வு இல்லை.

தடுக்கும் வழி: இரவில் ஸ்கீக்களுக்கும் ட்ராக்குக்கும் அடியில் மரத்துண்டு வைத்து நிறுத்துவது. காலையில் பின்பம்பரைப் பிடித்துத் தூக்கி ஒரு முறை தரையில் போடுவது, ஸ்கீக்களை இடம் வலமாக ஆட்டி விடுவிப்பது. அதன்பின் கிளப்பி, கூலண்ட் சூடேறும்வரை பொறுப்பது.

புது பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து மாட்ட வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் முழு திராட்டில் வேண்டாம். அகலம் புதியதைவிட 3 மில்லிமீட்டர் குறைந்ததும் மாற்றிவிட வேண்டும். மாற்று பெல்ட் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ஓடிப் பழகிய பெல்ட்டையே மாற்றாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நடுவழியில் மாட்டியதும் முழு வேகத்தில் போகலாம்.

டிசம்பர் 28

137 ஃபோர்-ஸ்ட்ரோக். முடிவு செய்தாகிவிட்டது.

பாதை பெரும்பாலும் அகலம், நாள் ஓட்டம் நீளம், திரும்பும் நேரம் எப்போதும் பிற்பகல். இதில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். காட்டுக்குள் 60 கிலோமீட்டர் நெளிந்துவிட்டு மதியத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு 129 டூ-ஸ்ட்ரோக்கைத்தான் கைகாட்டுவேன். வண்டியை இரவில் பேட்டரி சார்ஜர் எட்டாத இடத்தில் விடுகிறவர்களுக்கும் அதுவே.

ஜனவரி 4

137-க்கு சஸ்பென்ஷன் அமைப்பு. பின்பம்பரைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுதாக விரிந்ததும் தரையிலிருந்து பம்பர் உயரத்தைக் குறித்துக்கொள்ளவும். பிறகு குளிர் உடைகளோடு, வழக்கமான சுமையோடு உட்கார்ந்து மறுபடி அளக்கவும். 50 முதல் 75 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் பின்ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை மாற்றும் கேமை ஒரு படி கூட்டவும், இருபுறமும் ஒரே அளவாக.

வளைவில் ஸ்கீ இன்னும் வழுக்கினால் நடு ஷாக்கின் ஸ்ப்ரிங்கை ஒரு சுற்றுத் தளர்த்திப் பார்க்கவும். போதாவிட்டால் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு விரியலாம் என்று கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை குறைக்கவும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஸ்ட்ராப்பை அதிகம் இறுக்கினால் ஹேண்டில்பார் கல்லாகிவிடும். ஸ்ட்ராப்பைத் தொட்டபின் ட்ராக் தொய்வையும் மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் கூடவே மாறும். தண்டவாளத்தின் நடுவில் ஸ்பிரிங் தராசை மாட்டி ஏறக்குறைய 7 கிலோ இழுவையில் கீழே இழுத்தால், ஸ்லைடுக்கும் கிளிப்புக்கும் நடுவில் 30 மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி இருக்க வேண்டும். துல்லியமான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். இன்று அளந்தபோது 42 இருந்தது. பின்அச்சு போல்ட்டைத் தளர்த்தி, இருபுற அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி 32-க்குக் கொண்டுவந்தாயிற்று. பின்பக்கத்தைத் தூக்கி மெதுவாகச் சுழலவிட்டபோது ட்ராக் இடதுபக்கம் நெருங்கி ஓடியது. இடது அட்ஜஸ்டரை இன்னும் அரைக்கால் சுற்று இறுக்கியதும் நடுவுக்கு வந்துவிட்டது.