குறைவாக ஓடிய வண்டி

மீட்டரில் 61,000 கிலோமீட்டர்தான் காட்டியது. முப்பது வயதைத் தாண்டிய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) இவ்வளவு குறைவாகத்தான் ஓடியிருக்கிறதா என்று, அந்த ஒரு எண்ணுக்காகவே வாங்கினேன். முதல் இரண்டு ஆண்டுகளில் என்னை வழியில் நிறுத்திய பழுதுகளில் ஒன்றுகூட ஓடித் தேய்ந்ததால் வந்ததல்ல. எல்லாமே ஓடாமல் நின்று கிடந்ததால் வந்தவை. ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, மின் இணைப்புகள் பச்சை பூத்திருந்தன, பிரேக் ஆயில் கறுத்துப்போயிருந்தது. இதை முன்பே உணர்ந்திருந்தால் தேவையில்லாமல் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரும் சக்கரத்தின் தட்டைக் கவ்வி நிறுத்தும் ஒரு பிரேக் காலிப்பரும் வாங்கியிருக்க மாட்டேன்.

முதலில் வந்தது, செல்ஃப் எடுக்காத தொல்லை. காலையில் சாவியைத் தொட்டவுடன் என்ஜின் கிளம்பிவிடும். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் போட நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் உள்விளக்குகள் மங்காமல் எரியும். அரை மணி நேரம் ஆறவிட்டால் முனகி முனகிக் கிளம்பும். பாட்டரியை மாற்றினேன். பிறகு சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, ஒரு நாள் முழுக்கப் போராடி ஸ்டார்ட்டரையும் மாற்றினேன். மூன்றே வாரத்தில் அதே ‘டக்’.

வயதில் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன். “தம்பி, மின்சாரம் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அது திரும்பி வருகிற வழியை அளந்து பார்த்தாயா?” என்று கேட்டார்.

அவர் சொன்னபடி, வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றொன்றை என்ஜின் உடலில் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்தேன். மனைவி சாவியைத் திருப்பினாள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 1.9 காட்டியது. இந்த அளவுள்ள என்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் ஏறக்குறைய 200 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் பறிபோய்விடும். சுமையில், அதாவது ஸ்டார்ட்டர் மின்சாரம் இழுக்கும்போது, பாட்டரியே பத்து, பத்தரை வோல்ட்டுக்கு இறங்கும்; அதிலும் இரண்டு போனால் ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது எட்டுதான். சூட்டில் செம்பின் தடை இன்னும் கூடும். காலையில் கிளம்பியதும் மதியத்தில் மக்கர் செய்ததும் இதனால்தான்.

மின்சாரம் என்ஜினிலிருந்து பாட்டரிக்குத் திரும்பி வரும் எர்த் கேபிளை நான் முன்பே ஓம் அளவில் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று விட்டிருந்தேன். அதுதான் நான் செய்த தவறு. உள்ளே நூறு இழைகளில் பத்து மட்டும் பிழைத்திருந்தாலும், மீட்டர் அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்தப் பத்து போதும். கேபிளைச் சோதிப்பதென்றால் சுமை ஏறியிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். கழற்றி உறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு பெரும்பாலும் இல்லை. பச்சைப் பொடிதான் விரலில் ஒட்டியது. தடித்த புதுக் கேபிள் போட்டு, இரு முனைகளிலும் பெயின்ட் போக உப்புத்தாளால் தேய்த்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். மீட்டர் 0.15 காட்டியது. பழைய ஸ்டார்ட்டரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுவது. சமதளத்தில் நன்றாகப் போகும் வண்டி, ஏற்றம் வந்ததும் விக்கி விக்கி அடங்கிவிடும். வடிகட்டியை மாற்றியும் பயனில்லை. கார்புரேட்டரைப் பிரிக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். ஆனால் கேபிள் கற்றுக்கொடுத்த பாடம் நினைவில் இருந்ததால், விலை மலிவானதும் ரப்பரால் ஆனதும் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலில் தேடினேன். என் வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு இருக்கிறது. டேங்கிலிருந்து அது உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் விரிசல் விட்டால் பெரும்பாலும் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பம்புக்கு முன்னால், பெட்ரோல் தாங்கும் ஒளிபுகும் குழாயில் ஒரு சாண் துண்டைச் சேர்த்துவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். குமிழிகள் வரிசையாக வந்தன. டேங்கின் தலையில் இருந்த சிறிய ஹோஸை வளைத்துப் பார்த்தால் காய்ந்த களிமண் போல வெடித்திருந்தது. டேங்கை இறக்கித்தான் அதை மாற்ற முடிந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தேன்.

பிரேக் கதைதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. நாற்பது நிமிடம் ஓட்டியபின் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நிறுத்திப் பார்த்தால் முன் இடச் சக்கரத்தருகே கருகல் வாடை. பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. காலிப்பர் பிஸ்டன் இறுகிவிட்டது என்று முடிவுகட்டி, புதுக் காலிப்பர் போட்டேன். அடுத்த பயணத்திலும் அதே சக்கரம் கொதித்தது.

காலிப்பருக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே உரிந்துபோகும். உரிந்த தோல் ஒரு மடல் போலத் தொங்கும். நாம் மிதிக்கும் அழுத்தத்துக்கு அது வழிவிடும். காலை எடுத்தபின் திரும்பி வரும் ஆயிலை அடைத்துக்கொள்ளும். மிதிக்காமலே பிரேக் பிடித்தபடி இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதில் வரிசை முக்கியம். சக்கரம் இறுகியிருக்கும்போதே, ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மேல் இணைப்பைச் சற்றே தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு அதற்கு மேலே, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடாவிட்டால் அடுத்து காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். அப்போது ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் சுழன்றால் அடைப்பு ஹோஸில்தான். நான் முதல் முறை நிப்பிளைத்தான் முதலில் திறந்தேன். அழுத்தம் மொத்தமும் போய்விட்டது. எங்கே அடைத்திருந்தது என்று சொல்ல முடியாமல், மறுபடி ஓட்டிச் சூடாக்கி வர வேண்டியதாயிற்று.

பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்தேன். உள்தோல் வெங்காயச் சருகு போலக் கையோடு வந்தது. வலப்பக்க ஹோஸுக்கும் அதே வயதுதான் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றினேன். பிரேக் ஆயிலையும் முழுவதும் வெளியேற்றினேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்தத் தரம் கேட்பது 140 டிகிரிதான். நான்கைந்து டன் வண்டியை நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்து இறக்கினால் ஆயில் கொதித்து ஆவியாகும், மிதி தரையோடு போய்விடும். என் வண்டியின் ஆயிலை எத்தனை ஆண்டுகளாக யாரும் தொடவில்லையோ, தேநீர் நிறத்தில் வந்தது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இந்த வேலைகளில் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். வண்டியின் அடிச்சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு வைத்து, தள்ளிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே போங்கள்.

என்ஜின் சூடேறியது சுலபமாகத் தீர்ந்தது. ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் நடுவில் பஞ்சும் பூச்சிகளும் கம்பளிபோல் அப்பியிருந்தன. முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன், ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் கொதிநிலை உயரும்.

கடைசியாக டயர்களைப் பார்த்தேன். பட்டன்கள் புதிதுபோல் ஆழமாக இருந்தன. பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். என் வண்டியில் அது உள்பக்கம் இருந்ததால் டார்ச்சோடு அடியில் ஊர்ந்துபோய்ப் படித்தேன். நான்கு டயர்களுக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் உள்ளே இருந்த இரண்டும் அவற்றில் அடங்கும். ஆறையும் மாற்றிய பிறகுதான் வண்டியை மறுபடி சாலைக்கு எடுத்தேன்.