இழுகம்பியா, தனிக்காலா? தோட்டப் பட்டணத்தில் ஆண்டெனா டவர்

அமெச்சூர் வானொலிக்கு ஆண்டெனா டவர் நிறுத்த நினைக்கிறீர்களா? டவர் விலையைக் கேட்கும் முன் அளவுநாடாவை எடுத்து உங்கள் மனையை அளந்துவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பக்கங்களில் கம்பி இழுத்துக் கட்டி நிறுத்தும் இழுகம்பி டவருக்கு, கம்பியைத் தரையில் பிடித்துவைக்க மூன்று நங்கூரங்கள் வேண்டும். ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளி. டவர் அடியிலிருந்து டவர் உயரத்தில் 60 முதல் 80 விழுக்காடு தூரம். 15 மீட்டர் டவர் என்றால் 9 முதல் 12 மீட்டர். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தொடர்வீட்டின் அகலமே 6 மீட்டர்தான், அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் நம் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில், தோட்டத்தை ஒட்டிக் கால் ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது தாராளமாக அமையும்.

இடம் போதவில்லை என்று நங்கூரத்தை உள்ளே இழுத்து நடுவதுதான் நான் அதிகம் பயப்படும் வேலை. காற்று டவரை 100 கிலோ விசையில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி கட்டிய உயரத்தில் 80 விழுக்காடு தூரத்தில் நங்கூரம் இருந்தால் கம்பியில் ஏறும் இழுவிசை சுமார் 160 கிலோ. அதே நங்கூரம் 30 விழுக்காட்டில் இருந்தால் கிட்டத்தட்ட 350 கிலோ. அதில் 330 கிலோ டவரைக் கீழ்நோக்கி அமுக்கும். மெல்லிய டவர் சாய்வதற்கு முன் நடுவில் வளைந்தே உடைந்துவிடும். தென்னையிலோ வேலிக்காலிலோ கம்பியைக் கட்டுவதும் கூடாது. மரம் ஆடும்போது கம்பி மாறி மாறித் தளர்ந்து இறுகும்.

கம்பி இல்லாமல் தானே நிற்கும் தனிக்கால் டவரில் எல்லாச் சுமையும் அடித்தளத்தின் தலையில். மலேசியக் கட்டுமானக் கணக்கில் எடுக்கும் காற்று வேகம் வினாடிக்கு சுமார் 33 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 70 கிலோ அழுத்தம். ஒரு நடுத்தர யாகி (ஒரே திசையை நோக்கும்) ஆண்டெனாமேல் 50 கிலோ விழுகிறது என்றால், 15 மீட்டர் உயரத்தில் அது டவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையாக 750 ஆகும் (கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கு). டவர் சட்டத்தின் மேல் விழும் காற்றையும் சேர்த்தால் 2.5 டன்-மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வந்து அடிக்கும் சுமத்ரா காற்று முன்னறிவிப்பாக மெல்ல வீசிக்கொண்டு வராது.

இதைத் தாங்க 1.5 மீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள கான்கிரீட் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3.4 கன மீட்டர், 8 டன் எடை. கையால் கலந்தால் 50 கிலோ சிமெந்து மூட்டை 22 வரை போகும். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் ஊற்றினால் நடுவில் ஒட்டாத கோடு விழும், அதில் தண்ணீர் இறங்கி உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்.

மண் விஷயத்தில்தான் நம் வட்டாரம் மோசம். உள்நாட்டுச் செம்மண்ணில் குழி சுவர்போல் நிற்கும். ராஜா மூசா காட்டுப் பக்கத்துக் கரிமண்ணிலும் (மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்) கடலோரக் களிமண்ணிலும் வெட்டும்போதே தண்ணீர் ஊறும். தண்ணீரில் மூழ்கிய கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2.4 டன்னிலிருந்து 1.4 டன்னாகக் குறையும். உங்கள் 8 டன் கட்டை மழைக்காலத்தில் 5 டன்கூடத் தேறாது, அதன் விளிம்பும் இளகிய மண்ணில் அமிழும். அந்த மண்ணில் எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தராமல் 15 மீட்டர் தனிக்கால் டவர் வேண்டவே வேண்டாம். சாய்த்து இறக்கக் கீல் வைத்த 9, 10 மீட்டர் டவரோடு நில்லுங்கள். 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 10.7 மீட்டர்தான்; அந்த உயரத்திலேயே தூர நாடுகள் கேட்கும்.

இடம் இருப்பவர்களுக்கு என் முடிவு இழுகம்பிதான். 15 மீட்டருக்கு 7 மீட்டரிலும் 14 மீட்டரிலும் இரண்டு அடுக்கு, மொத்தம் ஆறு கம்பிகள். நங்கூரம் 11 மீட்டர் தள்ளியிருந்தால் 92 மீட்டர் கம்பி, முனை மடிப்புகளுக்கும் சேர்த்து 110 மீட்டர் வாங்குங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் வளையும் வயர்ரோப் வேண்டாம்: அது நீளும், நடுவில் நார் இருந்தால் தண்ணீரை உறிஞ்சி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஏழு இழை முறுக்கிய, நாகம் (துத்தநாகம்) பூசிய உறுதி எஃகுக் கம்பி கேளுங்கள். ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனில் அறுபடும் எல்லை சுமார் 1,800 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 180 கிலோ, தொடக்க இழுவிசை. ஒவ்வொரு முனையிலும் திம்பிள் (கம்பி வளைவைக் காக்கும் உலோக வளையம்) போட்டு, மடித்த கம்பியை இறுக்க மூன்று கிளிப். கிளிப்பின் சேணம் சுமை தாங்கும் கம்பியின் மேல் உட்கார வேண்டும், கம்பியின் வெட்டிய வால்மேல் யு-போல்ட். மாற்றிப் போட்டால் சுமைக் கம்பி நசுங்கும். டர்ன்பக்கிளின் (கம்பியை இறுக்கும் திருகு) ஊடே எட்டு வடிவில் பாதுகாப்புக் கம்பி ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் தானே கழன்றுகொள்ளும்.

இழுகம்பியில் இடையே பிரிக்காத 10 மீட்டர் நீளம் 14 மெகாஹெர்ட்ஸில் இன்னொரு ஆண்டெனாவாக நடந்துகொண்டு யாகியின் திசையைக் கெடுக்கும். முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் கடத்தாத முட்டை வடிவத் துண்டு) போட்டு, நீங்கள் பேசும் அலைவரிசைகளின் அரை அலைநீளத்துக்குப் பொருந்தாத துண்டுகளாகப் பிரியுங்கள். அந்த இன்சுலேட்டர் உடைந்தாலும் இரு கம்பி வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தே நிற்கும், டவர் விழாது. வி.எச்.எப். (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை) மட்டும் என்றால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

நங்கூரக் கம்பியை வெறும் மண்ணில் புதைக்காதீர்கள். கரிமண்ணின் புளிப்பு அதை நிலத்துக்கு ஓரடி கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரித்துவிடும். கான்கிரீட்டைத் தரைக்கு மேல் ஒரு சாண் எழுப்புங்கள். தரையிலிருந்து 2 மீட்டர் வரை மஞ்சள் பைப் மாட்டினால் புல்வெட்டுகிறவருக்கும் செம்பனைக்குள் மேயும் மாடுகளுக்கும் கம்பி தெரியும்.

இடி நம் ஊரில் விடாத விருந்தாளி. டவரின் ஒவ்வொரு காலுக்கும் தரைக்கம்பி, எல்லாவற்றையும் வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நாகம் பூசிய காலில் செம்பை நேரடியாகத் தொடவிட்டால் நாகம்தான் முதலில் போகும்; இடையில் துருவேறாத எஃகுத் தகடு வையுங்கள்.

எந்த வகையானாலும் டவர் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்: டவர் உயரம், அதன்மேல் ஆண்டெனாவின் பாதி நீளம், இன்னும் கொஞ்சம். தோட்டத்து வீடு என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி, சொந்த மனை என்றால் உள்ளூராட்சி மன்றத்தில் விசாரிப்பு, இரண்டும் குழி வெட்டும் முன்பே. கான்கிரீட் ஊற்றி 28 நாள் கழித்தே முழுச் சுமையை ஏற்றுங்கள். டவரில் ஆள் இருக்கும்போது எந்தக் கம்பியையும் யாரும் தளர்த்தக் கூடாது. கம்பியை மாற்ற வேண்டுமென்றால் முதலில் தற்காலிகக் கம்பி, பிறகுதான் பழையதில் கை.