ஆட்டம் பாதி, காகிதம் பாதி

மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். மாலையில் விளக்குப் போட்டதும் கேலரியில் இடம் பிடித்து உட்கார்ந்து, பெரிய அணிகள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பள்ளி, கல்லூரி, மாவட்டம் என்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆடியபின் முழங்கால் விடை கொடுத்தது. கையில் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள். அவை போதும், எங்காவது ஒரு கல்லூரியில் கோச் ஆகிவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

நான் படித்த கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர்தான் கணக்கைப் புரிய வைத்தார். "தம்பி, நிரந்தர வேலை வேண்டுமென்றால் அது என் நாற்காலி. உடற்கல்வி முதுகலையான எம்.பி.எட். முடித்து, நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறி வர வேண்டும். கோச் வேலை வேறு. அதற்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் என்.ஐ.எஸ். டிப்ளமோ கேட்பார்கள். அதை முடித்தாலும் ஒப்பந்தம்தான்." கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

டெல்லி வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் பஞ்சாபின் பாட்டியாலா. நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961-இல் மகாராஜாவின் மோதி பாக் அரண்மனையில் தொடங்கப்பட்டது. அரண்மனையில் படிக்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். ஜனவரி விடியலில், எதிரே இருக்கும் வளையமே தெரியாத மூடுபனியில் ஓடும்போது அந்தப் பெருமை நினைவுக்கு வராது. உடற்கூறியல், உளவியல், பயிற்சிக் கோட்பாடு எல்லாம் உண்டு. படித்து எழுதிவிடலாம். என்னைப் படுத்தியது மாதிரி வகுப்பு. சக மாணவர்களையே சிறுவர்களாகப் பாவித்துப் பாடம் நடத்த வேண்டும்.

எனக்கு வந்த தலைப்பு லே-அப்: ஓடிவந்து இரண்டு அடி வைத்து எழும்பி, பந்தை வளையத்தில் போடுவது. இது தூங்கும்போதும் வருமே என்று பந்தை வாங்கி மூன்று முறை போட்டுக் காட்டினேன். மூன்றும் விழுந்தன. பயிற்றுநர் கைதட்டவில்லை. "நீ ஆடுவாய் என்று தெரியும். இவர்களில் யாருக்கு என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டு, என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். பந்தைத் தொடாமல் லே-அப் சொல்லித்தர வேண்டுமாம். என் உடைந்த இந்தியில் "தாயாங், பாயாங், ஊப்பர்" என்று கத்தினேன். வலது, இடது, மேலே. வகுப்பே சிரித்தது. ஆனால் அப்போதுதான், எதிரில் நின்ற ஒருவன் முதல் காலைச் சிறிதாகவும் இரண்டாவதை நீளமாகவும் வைப்பதைக் கவனித்தேன். தலைகீழாகச் செய்கிறான். பந்து என் கையில் இருந்தவரை அவன் கால் என் கண்ணில் படவே இல்லை.

டிப்ளமோவோடு திரும்பிய ஆண்டே கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஜூன் முதல் மார்ச் வரை ஒப்பந்தம். ஏப்ரல், மே மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த மே மாதத்தில்தான் ஊர் ஊராகப் போய் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பையன்களைப் பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறடி நான்கு அங்குலப் பையன் ஒருவன் எங்காவது இருக்கிறான் என்று கேள்விப்பட்டால், நான் போவதற்குள் இன்னும் நான்கு கல்லூரிக்காரர்கள் அவன் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஆண்டு ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப் பிடிக்கவில்லை. பையன்கள் என்னை "அண்ணா" என்று கூப்பிட்டார்கள், நானும் அண்ணனாகவே பதறினேன். ஆட்டத்தைச் சற்று நிறுத்தி அணியோடு பேச, முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 என்றுதான் டைம் அவுட் கணக்கு. ஓர் ஆட்டத்தில் அந்த மூன்றையும் மூன்றாவது கால் பகுதியிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டேன். கடைசி நிமிடத்தில் 2 புள்ளி பின்னால் இருந்தபோது, கேட்க ஒன்றுமில்லாமல் கோட்டோரம் நின்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

இன்றும் உறுத்துவது வேறு. மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழக அணிக்கு என்னைக் கோச்சாக அனுப்பினார்கள். தென்மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். ஒவ்வொரு வீரருக்கும் தகுதிப் படிவம் உண்டு: பிறந்த தேதி, பிளஸ் டூ முடித்த ஆண்டு, இப்போதைய படிப்பு, கையெழுத்து, முத்திரை. பன்னிரண்டு பேருக்கும் இரவு உட்கார்ந்து நானே நிரப்பினேன். சரிபார்ப்பு மேஜையில் வளையத்தருகே ஆடும் எங்கள் உயரமான ஆள், சென்டரின் படிவத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். மதிப்பெண் சான்றிதழில் பிறந்தது 7-ஆம் மாதம். நான் எழுதியது 1. என் கையெழுத்துதான், என் தவறுதான். திருத்தி முத்திரை வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வர நேரமில்லை. அந்தப் பையன் சட்டை மாற்றாமல் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எதிரணியின் உயரமான ஆள், வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை, ரீபவுண்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போனான். காலிறுதிக்கு முன்பே வெளியேறினோம். திரும்பும் ரயிலில் அவன், "பரவாயில்லை சார்" என்றான். அதுவரை அண்ணா என்று கூப்பிட்டவன். திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதன்பிறகு படிவத்தை நான் எழுதி, ஒரு பையனை வாசிக்கச் சொல்லி, இன்னொருவனை மதிப்பெண் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறேன். பாட்டியாலாவில் இதற்குப் பாடம் இல்லை. இருந்திருந்தால் லே-அப்புக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும்.

எட்டாவது ஆண்டு ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்தது. புதுப்பித்த கடிதம் இன்னும் வரவில்லை. பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில்தான் வரும். போன வாரம் பெரியகுளத்தில் அதே கேலரியில் உட்கார்ந்திருந்தேன். பகலில் ஆடிய பள்ளிப் பையன் ஒருவன் முதல் அடியை நீளமாக, இரண்டாவதைச் சிறிதாக எடுத்து வைத்து எழும்பினான். இடைவேளையில் அவன் அம்மாவைத் தேடிப் போய்ப் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "நீங்கதானே சார் அங்கே பார்த்துக்கொள்வீர்கள்?" என்றார்.

"ஆமாம் அம்மா" என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.