ஆமாம், சரக்கு விமானம்தான்

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆன்டிகுவாவுக்குக் கிளம்புகிறேன். கரீபியன் கடலில் 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு அது. கிரிக்கெட் பார்க்கிறவர்களிடம் விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஊர் என்றால் போதும். அங்கே ஒரு சிறிய நிறுவனத்தில் செஸ்னா கேரவன் விமானத்தை ஓட்டப் போகிறேன். பக்கத்துத் தீவுகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் வேலை.

செய்தி கேட்டு அவனியாபுரம் வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். "சரக்கா?" என்று ஒருமுறை கேட்டபிறகு பேச்சின் சூடு குறைந்தது. பயணிகள் விமானம் எப்போது தருவார்கள் என்று பெரியம்மா கேட்டார். "அப்படியென்றால் ஆகாயத்தில் லாரி ஓட்டப் போகிறாய்" என்றார் சித்தப்பா. அவர் வருத்தத்தில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் லாரி ஓட்டுவதை ஒரு குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே லாரியும் வேனும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததால்தான்.

அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்னே பறித்த மல்லிகை மொட்டு, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காலை ஆறு மணிக்கு இருக்கும் விலை ஒன்பது மணிக்கு இருக்காது. முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் சரியும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மார்க்கெட்டில் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் குறியீடு கிடைத்ததால் மொட்டு கூடுதலாக ஒரு மணி நேரம் காத்திருக்காது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற பூவைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைப்பார்கள். அந்தப் பெட்டி விமானத்தைத் தவறவிட்டால் உள்ளேயே பூத்து, பழுத்து, யாருக்கும் உதவாமல் போகும். விவசாயிக்கும் பணம் இல்லை, கடைக்கும் இல்லை. சின்ன வயதில் விமானம் என்றாலே எனக்குப் பூப்பெட்டி ஏறுகிற வண்டி. அதில் மனிதர்களும் போவார்கள் என்பது அதற்கு அடுத்ததாகத்தான் மனதில் பதிந்தது.

படிப்புக் கதையை நீட்டவில்லை. வர்த்தக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதோடு விமான வழிகாட்டல், வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம், ரேடியோ என்று வரிசையாகத் தேர்வுகள். கடையின் பேரில் கடன் வாங்கித்தான் படித்தேன். உரிமம் கைக்கு வந்தபோது விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தன. ஏர்பஸ் ஓட்டத் தனியாகப் பெற வேண்டிய தகுதிக்கு, அதாவது டைப் ரேட்டிங்குக்கு, இன்னும் பல லட்சம் போட வேண்டும். அதற்கு மனம் ஒப்பவில்லை. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராகச் சேர்ந்து, மாணவர்களைத் தரையிறங்கப் பழக்கியே ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டினேன். அந்த மணி நேரங்களைப் பார்த்துத்தான் ஆன்டிகுவாக்காரர்கள் என்னை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

இனி விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கேரவனுக்கு ஒரே எஞ்சின்தான்: பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பிடி6, காற்றாடியைச் சுழற்றும் டர்போபிராப் வகை, 675 குதிரைத்திறன். சக்கரங்கள் மடங்காது. ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றது. சரக்குக்கென்றே செய்த வகையில் பக்கவாட்டில் ஜன்னல்களே கிடையாது. வயிற்றுக்குக் கீழே நீளமான பெட்டி ஒன்று தொங்கும், அதிலும் சரக்கு ஏற்றலாம். விமானமும் எரிபொருளும் சரக்கும் நானுமாகச் சேர்ந்து 3,969 கிலோவைத் தாண்டக்கூடாது. இணை விமானி இல்லை, பணிப்பெண் இல்லை. பறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற பொறுப்பு முழுக்க என்னுடையது. பெரிய விமானத்தில் இந்த இடத்துக்கு வர ஆண்டுக்கணக்கில் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உறவினர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வியை அப்பா கேட்டார். இரவு சாப்பாடு முடிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் படித்துக்கொண்டிருந்த சரக்குத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வழியில் சரக்கு நகர்ந்தால் என்ன செய்வாய், பாப்பா?"

எத்தனை ஆண்டுகள் சரக்கு ஏற்றி அனுப்பியவர்! விமானியாகப் போகிறவளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பென்சிலை எடுத்து விளக்கினேன். சரக்கு அறையின் சுவரில் ஒன்று முதல் ஆறு வரை பகுதிகள் குறித்திருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை கிலோ என்று எழுதி, அது விமானத்தின் முன்புறத்தில் குறித்த ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் எடை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். அது எல்லைக்குப் பின்னால் போனால், எழும்பும்போது மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், இறக்கை தாங்காது. ஏற்றும்போதே பின்பக்கம் கனத்து விமானம் உட்கார்ந்துவிடக்கூடாது என்பதற்காக வாலுக்குக் கீழே ஒரு முட்டு வைப்போம் என்றதும், அப்பா அந்த இடத்தைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னார். வலை போட்டு, பட்டை இழுத்து, தரையிலுள்ள தடத்தில் மாட்டிவிட்டால் நகராது என்றேன். நகர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் எழும்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானத்தில், கட்டு விட்டுப்போன கவச வாகனம் பின்னுக்கு ஓடி, வாலை இயக்கும் பாகத்தை நொறுக்கியது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "எடையை யார் போடுவது?" என்றார். அனுப்புகிறவர் சீட்டில் எழுதித் தருவார் என்றேன். "சீட்டை நம்பாதே. உன் கண் முன்னால் தராசில் ஏற்றச் சொல். கோபப்பட்டால் படட்டும்." மார்க்கெட்டில் மற்றவர் சொன்ன எடையை அவர் ஒருநாளும் வாங்கிப் போட்டதில்லை. பயிற்சிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

அந்தத் தீவுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்த வேலையைக் குறைவாக நினைக்க எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. மொன்செராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிகுவாவிலிருந்து தென்மேற்கே, நாற்பது ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிறது. 1995 ஜூலையில் அங்கே சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை விழித்தது. தலைநகர் பிளிமத் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. 1997-இல் விமான நிலையமும் போயிற்று. வடக்கே புதிய ஓடுபாதை திறந்தது 2005-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்தானாலும் தபாலானாலும் படகிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டியிருந்தது. இப்போது அங்கிருக்கும் ஓடுபாதை சுமார் 600 மீட்டர். எங்கள் மதுரை ஓடுபாதை 2,285 மீட்டர், அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். அதே ஆன்டிகுவா நாட்டைச் சேர்ந்த பார்புடா தீவை 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்துத் துவைத்தபோது, தீவில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். ஒரு தீவே ஆளில்லாமல் நின்றது. அரிசி, மாவு, சிமென்ட் எல்லாம் கப்பலில் வரும். ஆஸ்பத்திரிக்கு இன்றே வேண்டிய மருந்து, நின்றுபோன ஜெனரேட்டருக்கு ஒரு உதிரிபாகம் என்றால் கப்பலுக்குக் காத்திருக்க முடியுமா? அதைக் கொண்டுபோகிறவருக்குக் கைதட்ட விமானத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கீழே வேன் ஒன்று காத்துக்கொண்டிருக்கும். எனக்கு அது போதும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசும். அதனால்தான் அந்தத் தீவுகளின் ஓடுபாதைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைந்திருக்கின்றன. காற்று மலையில் மோதி மறுபக்கம் இறங்குகிற இடம்தான் ஆபத்து. டொமினிக்கா தீவில் 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை உண்டு. விமான நிலையத்துக்கு மலைகளின் இடையே இறங்க வேண்டும். ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பஸ்ஸில் போனவர்களுக்கு மலை இடுக்கில் நெருக்கிப் பிழிந்து வரும் காற்று எப்படித் தள்ளும் என்று தெரியும். கோடையில் சகாராவின் தூசு அட்லாண்டிக்கைக் கடந்து வந்து தீவுகளை மங்கலாக்கும். கடல் உப்பு எஞ்சினை அரிக்கும் என்பதால், பறந்து முடித்ததும் நல்ல தண்ணீரால் எஞ்சினின் உட்புறத்தைக் கழுவ வேண்டும். தினமும் செய்கிற வேலை. இதையெல்லாம் நேர்காணலில் கேட்டார்கள்.

உரிமம் எப்படிச் செல்லும் என்று கேட்கிற மதுரைப் பிள்ளைகளுக்காக ஒரு பத்தி. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ்தான் உலக நாடுகளின் விமானி உரிமங்கள் இயங்குகின்றன. அதனால் இந்திய உரிமத்தை வைத்து இன்னொரு நாட்டில் அங்கீகாரம் கேட்கலாம். கிழக்குக் கரீபியத் தீவுகள் பலவற்றுக்கும் பொதுவான விமானப் போக்குவரத்து ஆணையம் ஆன்டிகுவாவிலேயே இருக்கிறது. உரிமம் உண்மையானது என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ உறுதி செய்ய வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், வேலை அனுமதி தனி. மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். சம்பளம் இங்கே ஏர்பஸ் துணை விமானி வாங்குவதைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. 1976 முதல் அந்த ஊர்ப் பணம் ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று அசையாமல் நிற்பதால் கடன் தவணையைக் கணக்குப் போட எளிதாக இருக்கிறது.

அப்பத்தாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அங்கே கோயில் உண்டா என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. ஆன்டிகுவாவுக்குத் தெற்கே அடுத்த பெரிய தீவு குவாதலூப். 1854 டிசம்பர் 24 அன்று நம் ஆட்களை ஏற்றிய முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கூட்டிப் போன நம் சனங்கள். அவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் கூடவே கொண்டுபோனார்கள். மொழி கையைவிட்டுப் போனபிறகும் குவாதலூப்பிலும் மார்ட்டினிக்கிலும் இன்றுவரை அந்தச் சாமிகளுக்குப் பூசை நடக்கிறது. சொன்னதும் அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரைவீரன் சன்னிதியில் எனக்காக வேண்டிக்கொண்டு வந்தவர், அங்கே போய் ஒருமுறை பூசை போட்டுவிடு என்று காசும் கொடுத்தார். கட்டாயம் போடுவேன்.

அம்மாவின் கவலை புயல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் காலம் என்று எங்கோ படித்துவிட்டார். நிறுவனத்தில் சொன்னதைச் சொன்னேன்: பெரிய புயல் வருகிறது என்று தெரிந்தால், முந்தைய நாளே விமானங்களைத் தெற்கே டிரினிடாட் பக்கம் பறத்திவிடுவார்கள், புயல்கள் அந்தத் தீவுக்கு வருவது குறைவு.

"விமானத்தைக் காப்பாற்றிவிடுவார்கள். உன்னை?"

"அதை ஓட்டிப் போகிறதே நான்தானே, அம்மா."

அம்மா யோசித்தார். "அப்படியானால் முதல் விமானமாகக் கிளம்பிவிடு" என்றார்.