புழு இல்லை, விதை

காலெண்டுலா என்ற பூச்செடியின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா? சுருண்டு, வளைந்து, முதுகெல்லாம் முள்முள்ளாக, அச்சு அசலாகக் காய்ந்துபோன புழு. ஒரே பூவில் விளைந்த விதைகள்கூட ஒரே மாதிரி இருக்காது. ஒன்று பிறை, ஒன்று படகு, ஒன்று வளையம். நண்பர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது, பிரித்துப் பார்த்த நானே சட்டென்று கையை உதறிவிட்டேன்.

12 விதைகளைத் தொட்டியில் ஊன்றிவிட்டு, மிச்சத்தை ஜன்னல் திட்டில் பரப்பிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் திட்டு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது.

"அம்மா, இங்கே இருந்ததெல்லாம் எங்கே?"

"இத்தனை புழு செத்துக் கிடக்குதே, கண்ணு தெரியலையாடா? பெருக்கிக் கொல்லையில கொட்டிட்டேன்."

சரி, தொட்டியில் 12 இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெளிச்சம் படாமல் 1 செ.மீ. மண் மூடினால் நன்றாக முளைக்கும் என்று படித்திருந்ததால், ஸ்கேல் வைத்து அளந்து ஊன்றிய விதைகள். ஆனால் தண்ணீரை மட்டும் மூன்று வேளையும் ஊற்றினேன், நாம் சாப்பிடுகிற கணக்கில். அத்தனை ஈரத்தில் விதை அழுகாமல் என்ன செய்யும்? பத்தாம் நாள் தலைகாட்டியது ஒரே ஒரு முளை.

அந்த ஒற்றைப் பிள்ளையை எப்படி வளர்த்தேன் தெரியுமா! வெயில் நகர நகரத் தொட்டியை நகர்த்தினேன். பக்கக் கிளை விடட்டும் என்று நுனியைக் கிள்ளி, கிள்ளியதற்கு மன்னிப்பும் கேட்டேன். காலெண்டுலா விதைத்து இரண்டு மாதத்தில் பூத்துவிடும் என்பார்கள். என்னுடையதில் இலைதான் வந்தது, இலைக்குப் பின் இலை. மொட்டைத் தேடி அலுத்துப்போய் அம்மாவிடம் புலம்பினேன்.

"ஏம்மா, இந்தச் செடி ஏன் பூக்கவே மாட்டேங்குது?"

"எது, அந்தக் களையா?"

"களையா? எப்போதிலிருந்து தெரியும்?"

"முளைச்ச அன்னிக்கே தெரியும். நீ ஆசையாப் பேசிட்டு இருந்தே. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அப்புறம் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனார். குப்பை கொட்டிய இடத்தில், யாரும் அளக்காமல், யாரும் கிள்ளாமல், மஞ்சள் மஞ்சளாக ஏழெட்டுப் பூக்கள். நடுவே ஒரு பொத்தான், சுற்றிலும் இதழ் வரிசை. காம்பைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

"நான் போட்ட விதை" என்றார் அம்மா. மறுக்க முடியவில்லை.

வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் அடுத்தடுத்து மொட்டு வரும் என்று நான் கற்றுக்கொடுத்ததை இப்போது எனக்கே கற்றுக்கொடுக்கிறார். விதைக்கென்று நான்கு பூக்களை மட்டும் விட்டுவைத்தோம். முற்றியதும் உதிர்த்து அதே ஜன்னல் திட்டில் காயவைத்து, பக்கத்தில் 'இது புழு இல்லை' என்று கொட்டை எழுத்தில் ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால், அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: 'இதுல ரெண்டு நிஜப் புழு இருந்துச்சு. எடுத்துட்டேன்.'